ஆறியும் ருசித்தது

சென்னையில் நான் போன ஒரு தாய்லாந்து உணவகத்தில் சமைப்பவருக்குத் துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் வித்தியாசம் தெரியும். அவரைப் புகழ இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பாட் க்ரபாவ் என்ற கோழி வதக்கலுக்கு வேண்டியது கார்ப்பான துளசி. கிரீன் கறிக்கு வேண்டியது ஹோரபா. நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம், லேசாகச் சோம்பு வாசம் அடிப்பது. சென்னையில் நான் தாய் உணவு சாப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே இலைதான் கிடந்தது. இங்கே அதனதன் இலை அதனதில் இருக்கிறது. டாம் யாம் சூப்பில் இஞ்சியைப் போட்டுச் சமாளிக்கவில்லை, பேரரத்தையே இருக்கிறது. ஒரு காம்பில் இரண்டு இலை அடுத்தடுத்து முளைத்தது போலிருக்கும் மக்ரூட் எலுமிச்சை இலையை நடு நரம்பு நீக்கிக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, அந்த எண்ணெயிலேயே மசாலா விழுதை வதக்கும் பொறுமை பெரிய ஹோட்டல்களிலும் அரிது. இவர் அதைச் செய்கிறார் என்பது கறியின் மேல் மிதக்கும் பச்சை எண்ணெயிலேயே தெரிகிறது.

அந்த டாம் யாம் ஆறிய பிறகும் நன்றாக இருந்தது. ஒரு டாம் யாமுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை என்னால் தர முடியாது. அதை மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்த கூடத்தின் மேல் இதைவிடப் பெரிய புகாரையும் சொல்ல முடியாது. டாம் யாம் பாதி நாக்குக்கு, பாதி மூக்குக்கு. எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் கொதியில் தங்கள் வாசத்தைக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தில் சக்கையாக நிற்கும். அவற்றை யாரும் மெல்வதில்லை. எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிவார்கள், கொதியில் பட்டால் அதன் மணம் போய்விடும் என்பதால். ஆவி எழும்பும்போதே குடிக்க வேண்டிய சாறு அது. இறாலும் அப்படித்தான், வேகும் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கினால்தான் மேசையில் பதமாக இருக்கும், சூட்டில் கிடந்தால் ரப்பராகிவிடும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் டாம் யாம் குங் என்ற இறால் சூப்பைச் சேர்த்தது. பட்டியலில் சேர்க்கத்தக்க அந்தத் திறமை எங்கள் மேசைக்கும் வந்தது. கரண்டி வரவில்லை. கரண்டி கேட்டோம். வேறொருவரிடம் மறுபடி கேட்டோம். கரண்டி வந்தபோது ஆவி அடங்கியிருந்தது. அப்போதும் அதில் புளிப்பும் உப்பும் காரமும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. அதைச் சமைத்த கையை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது.

தாய் உணவில் பரிமாறுவது என்பது சமைப்பதன் கடைசிப் பகுதி. நம் ஊர் உணவகங்கள் இதை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. சூப் முதலில், பிறகு ஸ்டார்ட்டர், அதன் பின் மெயின் கோர்ஸ் என்ற ஐரோப்பிய வரிசையை எல்லா நாட்டு உணவுக்கும் போட்டுவிடுகிறார்கள். தாய்லாந்து வீட்டில் அந்த வரிசை கிடையாது. சோறு தட்டில் இருக்கும். சூப், கறி, வதக்கல், சாலட், தொட்டுக்கொள்ளும் சாஸ் எல்லாம் நடுவில் ஒன்றாக இருக்கும். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளத்தான், வாய்க்குப் போவது கரண்டி. கறியில் ஒரு வாய், அதன் இனிப்பைக் குறைக்க சோம் தம் என்ற பப்பாளி சாலட்டில் ஒரு வாய், அதன் காரத்தை ஆற்ற வெறும் சோறு ஒரு வாய். ஒரு பதார்த்தத்தின் மிகுதியை இன்னொரு பதார்த்தம் சரி செய்யும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் மிகையாகவே சமைப்பதும் அதனால்தான். தனித்தனியே வைத்தால் எல்லாமே கூடுதலாகத்தான் தெரியும். அடுத்த மேசைக்காரர்கள் சோம் தம்மை மட்டும் வைத்துக்கொண்டு, "ரொம்பக் காரம்" என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தவறு சமைத்தவருடையது அல்ல. அதோடு வர வேண்டிய சோறு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சோம் தம்மைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பச்சைப் பப்பாளியை மெல்லிய கீற்றாகச் சீவி, பூண்டு, மிளகாய், காராமணி, தக்காளி, காய்ந்த இறால், பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ் சேர்த்து உரலில் இடிப்பது. நசுக்கக் கூடாது, கீற்றுக்குள் சாறு இறங்கும் அளவுக்கு மட்டும் தட்ட வேண்டும். உப்பும் புளிப்பும் பட்ட நேரத்திலிருந்து பப்பாளி நீர் விடத் தொடங்கும். எங்களுக்கு வந்த தட்டின் அடியில் நீர் ஒரு விரல் உயரம் நின்றது. அப்படியும் மேலே இருந்த கீற்றுகள் பல்லில் முறுக்கென்று உடைந்தன. சரியான காயை, சரியான கனத்தில் சீவியிருக்கிறார். அவர் எவ்வளவு கச்சிதமாக இடித்திருப்பார் என்பதை அந்த நீரின் அளவை வைத்தே கணக்கிட முடிந்தது.

காத்திருந்தால் கெடாத ஒரே பதார்த்தம் மசமன் கறி. பட்டை, ஏலம், சீரகம், தனியா எல்லாம் போட்டு, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்து நெடுநேரம் கொதிக்கும் கறி. முஸ்லிம் வணிகர்கள் வழியாக அந்த நாட்டுக்குப் போன மசாலாக்கள் அதில் இருக்கின்றன. ஊற ஊறத்தான் அதற்குச் சுவை. அது சுடச்சுட முதலில் வந்தது. வாணலிச் சூட்டின் புகை மணம் சில நிமிடங்களில் போய்விடும் என்பதால் ஓடிவர வேண்டிய பாட் தாய் கடைசியில் வந்தது. அரிசி நூடுல்ஸ் ஆறினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இதில் ஒரு நூல்கூட ஒட்டவில்லை. புளிக்கரைசலை எவ்வளவு விட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அறிந்த கை அது.

நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிக் காளமேகம் பாடிய தனிப்பாடல் தமிழ் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. பொழுது சாயும்போது அரிசி வரும், அதைக் குத்தி உலையில் இடுவதற்குள் ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பசித்த வயிற்றோடு பாடினார். சத்திரக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார் என்பது கதை: நாட்டில் அரிசியே அஸ்தமித்த பஞ்சத்திலும் அங்கே அரிசி வரும், உலையில் இட்டதும் ஊர்ப்பசி அடங்கும், இலையில் விழும் சோறு வெள்ளியைப் போல் வெளுத்திருக்கும். காளமேகத்தின் வசையும் வாழ்த்தும் ஒரே ஆளுக்குப் போயின. இங்கே ஆள் இருவர். சமையற்கட்டுக்கு நான் சொல்லும் வாழ்த்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லச் சொல்ல அது முதலாளியின் மேல் புகாராகப் போய் விழுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. காத்தானின் சத்திரத்தில் யாரும் பில் போடவில்லை.

எங்களுக்குப் பரிமாறிய இளைஞரையும் புகழ வேண்டும். மணிப்பூர்க்காரர், வேலைக்கு வந்து அதிகக் காலம் ஆகவில்லை. கூடத்தின் அந்தப் பக்கத்து மேசைகள் அத்தனைக்கும் அவர் ஒருவரே. என்னோடு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அக்கா சைவம். கிரீன் கறி விழுதில் கபி என்ற இறால் விழுது இருப்பது தாய்லாந்தில் வழக்கம், ஏறக்குறைய எதிலும் மீன் சாஸும் விழும். ஆர்டர் எடுத்த கேப்டனிடம் அக்கா கேட்டதற்கு, "எல்லாம் வெஜ்தான் மேடம்" என்று குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார். இந்தப் பையனிடம் அக்கா மறுபடி கேட்டார்.

"தம்பி, இதுல மீன், இறால் ஏதும் சேராதுல்ல?"

"கேட்டுட்டு வரேன் மேடம்" என்று உள்ளே போனார். பதிலோடு வந்தார். சமையற்கட்டில் விழுது இரண்டு வகையாம். சைவத்துக்கு இறால் விழுதுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா விழுது, மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். உரலும் தனியாம். கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் சைவக் கிண்ணத்துக்கு அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்களாம். தாய் சமையலில் சைவத்தை இவ்வளவு மதித்துச் செய்யும் இடத்தை நான் சென்னையில் வேறு பார்க்கவில்லை. கேப்டனுக்கு இது எதுவும் தெரியாது. சற்று நேரத்தில் வேறொருவர் இலைத் துண்டு இல்லாத கிண்ணத்தைக் கொண்டுவந்து அக்காவின் முன் வைத்தார். கூடத்தின் மறுகோடியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த மணிப்பூர்ப் பையன் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கிண்ணத்தை எடுத்தார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் அக்கா வாயில் வைத்திருப்பார். தனி உரல், தனி விழுது, வாழையிலை என்று சமையற்கட்டு எடுத்த அத்தனை பொறுப்பும் ஒரே ஒருவருடைய கண்ணை நம்பி நின்றது. மற்றவர்களுக்கு அந்த இலையின் பொருளைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை யாரும் செலவழிக்கவில்லை.

வேலை தெரியாத இடம், மெல்லப் பழகிக்கொள்ளும் என்று விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது சன்னலோரத்து மேசை. முதலாளிக்கு வேண்டியவர்கள் போலிருக்கிறது. வாசலிலேயே மேலாளர் போய் அழைத்துவந்தார். அவர்களுக்குப் பரிமாறியதைப் போல அழகாக ஒரு தாய் விருந்தைப் பரிமாறி நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. சோறு முதலில் தட்டுக்கு வந்தது. அதைச் சுற்றிச் சூப், கறி, வதக்கல், சோம் தம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து இறங்கின. கரண்டி வலப்பக்கம், முள்கரண்டி இடப்பக்கம். "சூப்பை முதல்ல குடிச்சு முடிச்சிடாதீங்க சார், சோத்தோட நடுநடுவுல எடுத்துக்கங்க" என்று கேப்டனே சொன்னார், எங்களிடம் தலை நிமிராத அதே கேப்டன். மிளகாய் மிதக்கும் மீன் சாஸ், சர்க்கரை, மிளகாய்த் தூள், வினிகரில் ஊறிய மிளகாய் என்று தாய்லாந்து நூடுல்ஸ் கடைகளின் மேசையில் இருக்கும் நான்கு கிண்ணமும் அவர்கள் மேசையில் இருந்தன. எங்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்றே யாரும் சொல்லவில்லை. அவர்கள் டாம் யாமிலிருந்து எழுந்த ஆவி எங்கள் மேசைவரை மணத்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத பரிமாறல்.

ஆக, இந்த உணவகத்துக்குத் தெரியும். எதை எப்போது வைக்க வேண்டும், எதோடு எதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். தெரியாதவர்களிடம் எனக்குக் கோபம் வராது. தெரிந்ததை ஆள் பார்த்துத் தருபவர்களிடம் வருகிறது. நம் கல்யாணப் பந்தியில் யாருக்கு எது வேண்டும் என்று இலை இலையாகப் பார்த்துக்கொண்டு நடக்கும் பந்தி விசாரணைக்காரர் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்பார்தான்; ஆனாலும் கடைசி இலைவரை போய்த்தான் திரும்புவார். இங்கே விசாரணை சன்னலோரத்திலேயே முடிந்துவிட்டது.

முதலாளி பணம் செலவழிக்கத் தயங்குபவர் அல்ல, இதையும் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்திலிருந்து ஒரு பெண்மணியை வரவழைத்துச் சமையற்கட்டைக் கொடுத்திருக்கிறார். இலையும் வேரும் நல்ல விலைக்கு வாங்கப்பட்டவை. மல்லிகை அரிசி அசல். ரம்பை இலைக்கு மணம் தரும் அதே பொருள்தான் அந்த அரிசியிலும் இருக்கிறது, மூடியைத் திறந்ததும் தெரியும். தேக்கு நாற்காலி, மங்கலான விளக்கு, எதிலும் கஞ்சத்தனம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நிரம்பிவழியும் கூடத்துக்கு இன்னும் இரண்டு பேரைப் போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. பிக்அப் கவுண்டரில் மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்க ஆள் இல்லாமல் பலகையின் மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு கொடுத்து வாங்கிய வாசம்தான் வீணாகிறது. குளிரூட்டிய கூடத்தில் எங்கள் கிரீன் கறிக் கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும். பாங்காக்கின் வெப்பத்தில் எழாத சிக்கல் இது. இங்கே சூட்டோடு கொண்டுவந்தால் இங்கும் எழாது.

பில் ஒழுங்காக இருந்தது. கேட்டவை எல்லாம் கேட்ட வரிசையிலேயே, ஒரு பிழை இல்லாமல். எங்கள் ஆர்டரின் முழு விவரமும் அந்த இயந்திரத்தில் முதல் நிமிடத்திலிருந்தே இருந்திருக்கிறது, அதைப் பார்த்து நடத்தத்தான் ஆள் இல்லை. அடியில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். உணவகங்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதைச் சரி என்றது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். அத்தான் எடுக்கச் சொல்லலாம் என்றார். நான் மேலாளரிடம் கேட்டது வேறு: இதில் அந்த மணிப்பூர்ப் பையனுக்கு எவ்வளவு போகும்? "அது மேனேஜ்மென்ட் பார்த்துக்கும் சார்" என்றார். கட்டணத்தை எடுக்கச் சொல்லிவிட்டு அந்தத் தொகையைப் பையனின் கையில் கொடுத்தோம். அன்று அந்தக் கூடத்தில் சேவை என்று ஒன்று எங்களுக்குக் கிடைத்தது அவரிடமிருந்துதான்.

சமைத்தவரைப் பார்த்துப் பாராட்ட வேண்டும் என்று கேட்டேன். வந்தார். ஐம்பது வயதிருக்கும், முன்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். தாய்லாந்தின் இரண்டாம் ராமா மன்னர், 1809 முதல் 1824 வரை ஆண்டவர், படகோட்டும்போது பாடும் பாட்டாக உணவு வகைகளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். மசமன் கறியும் அதில் வருகிறது. கறியைப் புகழும் சாக்கில் அதைச் சமைத்த பெண்ணை நினைத்து எழுதியது என்பார்கள். சமையலைப் புகழ்ந்தால் சமைத்தவரைப் போய்ச் சேரும் என்று நம்புகிற நாட்டிலிருந்து வந்தவரிடம் நான் இரண்டு துளசியைப் பற்றிச் சொன்னேன், தனி உரலைப் பற்றிச் சொன்னேன். முகம் மலர்ந்தது. பிறகு இங்கே கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சூடா இருந்துச்சா?"

மேலாளர் பக்கத்தில்தான் நின்றார். நான் உண்மையைச் சொன்னேன். மசமன் மட்டும் சூடாக இருந்தது என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேலாளரைத் திரும்பிப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ வேகமாகச் சொன்னார். இது அவர் முதல்முறை சொல்வது அல்ல என்பது மேலாளரின் முகத்தில் தெரிந்தது. இன்னும் எத்தனை நாள் அவர் இதைச் சொல்லிக்கொண்டு இங்கே இருப்பார்? அப்படிப்பட்ட கைக்கு இந்த ஊரில் வேறு சமையற்கட்டு கிடைக்காமல் போகாது. போய்விட்டால் முதலாளியிடம் மிஞ்சுவது தேக்கு நாற்காலி.

அங்கே போகலாமா என்று கேட்கிறவர்களுக்குப் போங்கள் என்றுதான் சொல்கிறேன், அவர் இருக்கும்போதே போங்கள். வார நாளில், பகலில் போங்கள். கரண்டி மேசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். சோறு இல்லாமல் எதையும் கொண்டுவர வேண்டாம், எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் வாழையிலைத் துண்டைப் பாருங்கள். சன்னலோரம் வேண்டாம். சமையற்கட்டுக் கதவை ஒட்டி ஒரு சின்ன மேசை இருக்கிறது, போவோர் வருவோர் இடிப்பார்கள் என்று யாரும் உட்காருவதில்லை. அதைக் கேட்டு வாங்குங்கள். பிக்அப் கவுண்டர் அங்கிருந்து கை நீட்டும் தூரம்.